பதிவேடு இல்லாத சபை: திருகோணமலைச் சகோதரர் சபைக் குடும்பங்களின் வரலாற்றை எழுதுவது எப்படி

சபைக் குடும்பங்களின் வரலாற்றைத் தொகுக்கிறேன் என்று சொன்னால் வெளியில் உள்ளவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சபைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் முடிந்ததுதானே?" அந்தப் பதிவேடுதான் எங்களிடம் இல்லை. கத்தோலிக்கருக்கும் மெதடிஸ்தருக்கும் அங்கிலிக்கருக்கும் பிள்ளை பிறந்த கொஞ்ச நாளிலேயே ஞானஸ்நானம், எழுதிவைக்க ஒரு குருவானவர், பூட்டிவைக்க ஒரு அலுமாரி. பிரெதரன் (Brethren) என்று ஆங்கிலத்தில் சொல்லும் எங்கள் சகோதரர் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்து, தானாக விசுவாசித்து, தானாகக் கேட்டு வந்தால்தான் முழுக்கு. சம்பளத்துக்குப் போதகர் இல்லை, கந்தோர் இல்லை. மூப்பர்கள் இரண்டு மூன்று பேர், அவர்களில் ஒருவருடைய லாச்சியில் ஒரு கொப்பி, அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தால் அந்தக் கொப்பி எங்கே போனது என்று வீட்டாருக்கே தெரியாது.

எங்கள் சபையில் இப்போது பதினெட்டுக் குடும்பங்கள். இரண்டரை வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன், பதினொரு குடும்பம் முடிந்திருக்கிறது. நான் பிழைவிட்டுப் பழகியதைத்தான் கீழே ஒழுங்காக எழுதியிருக்கிறேன், நீங்கள் அதே பிழைகளை விடத் தேவையில்லை.

முதலாவது: ஞாயிற்றுக்கிழமை வாய் திறக்காதவர்களிடம் போங்கள்

நான் மூப்பர்களிடம் ஆரம்பித்தேன். அது பிழை. அவர்களுக்கு எந்த வருடம் எந்த ஊழியக்காரர் வந்தார், என்ன அதிகாரத்திலிருந்து பேசினார் என்பதெல்லாம் துல்லியமாகத் தெரியும். தன் மாமியாருடைய பெயரைக் கேட்டால் மனைவியைக் கூப்பிடுவார்கள். எங்கள் கூடுகையில் சகோதரிகள் முக்காடு போட்டு அமைதியாக இருப்பது வழக்கம், அப்பம் பிட்குதலில் (இயேசுவின் மரணத்தை நினைத்து அப்பத்தைப் பகிரும் ஆராதனையில்) ஜெபிப்பதும் பாட்டுச் சொல்வதும் சகோதரர்கள்தான். ஆனால் யார் யாருக்குப் பிறந்தது, எந்தப் பிள்ளை எத்தனை மாதத்தில் தவறியது, எந்தக் கலியாணம் யாருடைய மனவருத்தத்தோடு நடந்தது என்ற கணக்கு முழுக்க அந்த முக்காட்டுக்குள்தான் இருக்கிறது. எண்பது வயதைத் தாண்டிய சகோதரிகளின் பெயர்களை முதலில் எழுதுங்கள், வயது கூடியவரிலிருந்து தொடங்குங்கள், அடுத்த மாதம் பார்ப்போம் என்று மட்டும் விடாதீர்கள்.

போகும்போது கேள்விப் பட்டியலோடு போகக்கூடாது. ஒரு பழைய படத்தோடு போங்கள். "அம்மா, இதில் உங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது யார்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும். தேத்தண்ணி ஆறும்வரை கதை ஓடும். போனில் பதிவு செய்வதாக முதலிலேயே சொல்லி அனுமதி வாங்குங்கள், பதிவின் தொடக்கத்தில் திகதி, இடம், யார் யார் இருக்கிறார்கள் என்பதை உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். போனில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாலையூற்றில் ஒரு அம்மா இரண்டு மணித்தியாலம் கதைத்தார், என் போன் இருபத்தாறாவது நிமிடத்திலேயே நிறைந்து நின்றுபோயிருந்தது, வீட்டுக்கு வந்துதான் தெரியும். திரும்பப் போய்க் கேட்டபோது "அதுதான் அன்றைக்கே சொன்னேனே" என்று சுருக்கிவிட்டார்.

இரண்டாவது: "சகோதரர்" யார், "அண்ணன்" யார்

எங்கள் பேச்சில் எல்லாருமே சகோதரர், சகோதரி. "எங்கட சகோதரர் ஒருவர் டொக்யார்டில் வேலை செய்தவர்" என்றால் அது கூடப்பிறந்தவரா, சபையில் உள்ளவரா? ஒவ்வொரு தடவையும் "ஒரே தாய் வயிறா?" என்று கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். "அண்ணன்" என்பதும் அப்படித்தான், பெரியப்பாவின் மகனும் அண்ணன், சின்னம்மாவின் மகனும் அண்ணன். மச்சான் மச்சாளைக் கட்டுகிற வழக்கம் உள்ள குடும்பங்களில் ஒரே ஆள் மாமாவாகவும் மாமனாராகவும் வருவார், மரமாக வரையத் தொடங்கினால் கிளை திரும்பி வந்து அடிமரத்தில் ஒட்டும். ஆகவே முதலில் மரம் வரையாதீர்கள். ஆளுக்கு ஒரு அட்டை எடுத்து, பெயர், தகப்பன், தாய், துணை, பிள்ளைகள், யார் சொன்னது, எப்போது சொன்னது என்று மட்டும் எழுதுங்கள்.

அட்டையில் தலைப்பெழுத்தை அப்படியே விடாதீர்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான் சங்கிலியைப் பிடித்துவைக்கிறது. ஆங்கிலத்தில் எஸ் என்று போட்டிருப்பது சாமுவேலும் ஆகலாம், சின்னத்தம்பியும் ஆகலாம், செல்லையாவும் ஆகலாம். விசுவாசத்துக்கு வந்த பிறகு வேதாகமப் பெயர் வைத்துக்கொண்டவர்கள் கூடுதல் சிக்கல்: சபையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு. மூன்றையும் ஒரே அட்டையில் எழுதாவிட்டால் பிறகு ஒரே மனிதரை மூன்று பேராக்கிவிடுவீர்கள். நான் ஆக்கினேன். மூன்று பேருக்கும் ஒரே மனைவி என்று வந்தபோதுதான் விளங்கியது.

மூன்றாவது: வருடத்தைக் கேட்காதீர்கள், சம்பவத்தைக் கேளுங்கள்

"எந்த வருடம் பிறந்தீர்கள்?" என்றால் அடையாள அட்டையில் உள்ளதைச் சொல்வார்கள். "குண்டு போட்டபோது நீங்கள் பிறந்துவிட்டீர்களா?" என்றால் உண்மை வரும். திருகோணமலையில் யப்பான் விமானங்கள் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9. ரயில் பாதை வந்தது 1927இல். பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கைவிட்டது 1957இல், டொக்யார்டில் வேலை செய்த குடும்பங்கள் பல கொழும்புக்கும் வேறு நாடுகளுக்கும் பிரிந்தது அதற்குப் பிறகுதான். சூறாவளி என்றால் 1964 டிசம்பர். மட்டக்களப்புப் பக்கத்து ஆட்கள் சூறாவளி என்றால் அது 1978 நவம்பர், இரண்டையும் குழப்பாதீர்கள். பிறகு 83 யூலைக் கலவரம், 87இல் இந்திய ஆமி, 90 யூனில் திரும்ப மூண்ட போர், 2004 டிசம்பர் 26 சுனாமி, 2006இல் மூதூர், சம்பூர்ச் சண்டை. இந்தப் பட்டியலை ஒரு துண்டில் எழுதிக் கையில் வைத்திருங்கள்.

இந்துவாக இருந்து வந்த குடும்பங்களில் பழைய சாதகம் எங்காவது கிடக்கும், கிறிஸ்தவரான பிறகும் எறிய மனம் வராமல் வைத்திருப்பார்கள், உங்களிடம் காட்டக் கொஞ்சம் தயங்குவார்கள். அதில் தமிழ் வருடப் பெயர் இருக்கும். அறுபது வருடச் சுற்று என்பதால் சித்திரபானு என்றால் 1942ஆகவும் இருக்கலாம், 1882ஆகவும் இருக்கலாம். வருடம் மாறுவது சித்திரையில் என்பதும் நினைவிருக்கட்டும்: குண்டு விழுந்த நாள் இன்னும் விஷு வருடம்தான், சில நாள் கழித்துத்தான் சித்திரபானு பிறந்தது. "குண்டு போட்டு ஒரு கிழமையில் பிறந்தேன்" என்று சொன்ன ஒரு தாத்தாவின் சாதகத்தில் சித்திரபானு, சித்திரை மாதம் என்று கண்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நான்காவது: வேதாகமத்தைப் புரட்டுங்கள், ஒரு பக்கமும் விடாமல்

பழைய குடும்ப வேதாகமங்கள் சிலவற்றில் பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் பிறப்பு, விவாகம், மரணம் எழுத வெற்றுத் தாள்கள் இருக்கும். அவை இல்லாத வேதாகமங்களில் முன் அட்டையின் உள்பக்கம், பின் அட்டையின் உள்பக்கம், சங்கீதங்களின் ஓரம். உப்புவெளியில் ஒரு வீட்டில் பார்த்த வேதாகமத்தில் ஒன்பது பிள்ளைகளின் பெயர்கள் காப்பிப் பென்சிலால் எழுதியிருந்தன. சூறாவளியில் கூரை போன இரவு புத்தகம் நனைந்ததாம். காப்பிப் பென்சில் நனைந்தால் ஊதாவாக மாறும், அந்தப் பக்கம் முழுக்க ஊதா பரவி, நாலாவது பிள்ளையின் பெயரில் "ரா" மட்டும் மிஞ்சியிருக்கிறது. உயிரோடு இருக்கும் தங்கச்சிக்கும் அந்தப் பெயர் தெரியாது, மூன்று மாதத்தில் இறந்த பிள்ளை. நான் "ரா" என்றே எழுதிவிட்டேன். ஊகித்து ராகேல் என்று நிரப்பத் தோன்றும், செய்யாதீர்கள்.

வேதாகமத்துக்குள் மடித்துவைத்த காகிதங்களையும் விடாதீர்கள். அவற்றில் எங்களுக்கே உரிய ஒன்று, சபையிலிருந்து சபைக்குப் போகிறவர் கொண்டுபோகும் நற்சாட்சிக் கடிதம். 2 கொரிந்தியர் 3:1இல் "உபசார நிருபங்கள்" என்று வருகிறதே, அதுதான். "இவர் எங்களோடு அப்பம் பிட்டு ஐக்கியத்தில் இருப்பவர், கர்த்தருக்குள் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று நாலு வரி, திகதி, ஊர், இரண்டு மூன்று சகோதரர்களின் கையெழுத்து. படிக்கிறவருக்கு அது வெறும் உபசாரம். எங்களுக்கு ஒரு குடும்பம் எந்த வருடம் எங்கிருந்து எங்கே இடம்பெயர்ந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை, கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களோ அந்த ஊர்ச் சபையின் அன்றைய மூப்பர் பட்டியலே ஆகிவிடும்.

இன்னொன்று ஓய்வுநாட்பள்ளிப் பரிசுப் புத்தகம். முதல் தாளில் ஒரு சிட்டை ஒட்டி, பிள்ளையின் பெயர், வகுப்பு, வருடம் எழுதியிருப்பார்கள். பத்துப் பரிசுப் புத்தகம் சேர்ந்தால் ஒரு காலத்துப் பிள்ளைகளின் பட்டியல் கையில் வந்துவிடும்.

அடையாள அட்டை இருந்தால் அதுவும் பேசும். பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண் பிறந்த வருடம், அடுத்த மூன்று எண் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணுக்கு 500 கூட்டியிருக்கும். 45612 என்று தொடங்கினால் 1945இல் பிறந்த பெண், 112ஆவது நாள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே இந்தக் கணக்கு, ஆகவே ஏப்ரல் 21. ஆனால் வயதானவர்கள் சிலர் பிறப்புப் பதிவு இல்லாமல் உத்தேச வயதுச் சான்றிதழில் அட்டை எடுத்தவர்கள், அவர்களின் திகதி கந்தோர் வைத்த திகதி.

இந்தக் காகிதங்களை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்காதீர்கள். விறாந்தையில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுங்கள். 90இல் ஓடும்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த ஒரு பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு படகேறித் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாம்வரை போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். அதை உங்கள் கையில் தர அவர்களுக்கு மனம் வராது, தரவும் கூடாது.

ஐந்தாவது: இதற்கு முன் எந்தச் சபை?

சகோதரர் இயக்கமே 1820களின் கடைசியில் டப்ளினிலும் பிறகு பிளிமத்திலும் மற்றச் சபைகளிலிருந்து வெளியே வந்தவர்கள் கூடியதால் உண்டானது. 1833இல் இந்தியாவுக்கு வந்த அந்தோனி நோரிஸ் குரோவ்ஸ், அவரிடம் பழகித் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் கிறிஸ்தியான்பேட்டையை உண்டாக்கிய அருளப்பன் என்று தமிழர் நடுவிலும் இந்த வழிக்கு நீண்ட கதை உண்டு. 1848இல் இந்த இயக்கம் திறந்த சகோதரர், மூடிய சகோதரர் என்று இரண்டாகப் பிரிந்தது. உங்கள் சபை எந்தப் பக்கத்தது என்று தெரிந்திருந்தால் பழைய கடிதங்கள் எந்தெந்த ஊர்ச் சபைகளோடு போய் வந்தன என்பது விளங்கும்.

இதிலிருந்து வருகிற நடைமுறைப் பாடம்: உங்கள் குடும்பம் சகோதரர் சபைக்கு வருமுன் இருந்த இடத்தில்தான் அதன் பதிவுகள் இருக்கும். அப்பப்பா மெதடிஸ்தர் என்றால் அவருடைய குழந்தை ஞானஸ்நானம் மெதடிஸ்தப் பதிவேட்டில். வெஸ்லியன் மிசனரிமார் இலங்கையில் இறங்கியது 1814, அவர்கள் லண்டனுக்கு எழுதிய கடிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் (SOAS) நூலகத்தில் இருக்கின்றன. பறங்கியர் குடும்பம் என்றால் முதலில் கத்தோலிக்கப் பங்கு. ஒல்லாந்த வழியினராக இருந்தால், கொழும்பு மாவட்டத்து ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபைப் பதிவுகள் பேமிலிசேர்ச் இணையதளத்தில் இலவசமாகவே உண்டு. பங்குத்தந்தையிடம் போகும்போது எந்த வருடம், எந்தப் பெயர் என்று எழுதிக்கொண்டு போங்கள், "எங்கள் குடும்பம் எல்லாம் பாருங்கள் ஃபாதர்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இந்துவாகவே தங்கிவிட்ட உறவினர் வீட்டில் மரணச் சடங்கான அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் சபையார் பலருக்கு இது தோன்றுவதே இல்லை. இறந்தவரின் வம்சாவளி மூன்று நாலு தலைமுறைக்கு அதில் பாட்டாகவும் உரையாகவும் இருக்கும். மதம் மாறிய தம்பியின் பெயரை விட்டுவிட்ட கல்வெட்டும் உண்டு, அந்த விடுபடலும் ஒரு தகவல்தான்.

ஆறாவது: கந்தோர்கள்

பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களுக்கு அந்தச் சம்பவம் நடந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போங்கள். இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் தொடங்கியது, 1890களின் கடைசியில்தான் கட்டாயமானது, 1867க்கு முந்தியதைத் தேடி நாளை வீணாக்காதீர்கள். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் தேடித்தரச் சொல்லி விண்ணப்பிக்கலாம், வருட இடைவெளியைக் குறுக்கிக் கொடுங்கள், மூன்றாவது படியில் செய்த வேலை இங்கே பலன் தரும்.

சான்றிதழின் சுருக்கத்தை வாங்காமல் முழுப் பிரதியை வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழில் பேரனார் (அப்பப்பா) இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த வருடம், இடம் எழுத ஒரு கூடு இருக்கிறது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தகப்பன் வழியை நிரூபிக்கச் சொன்னதால் வந்த கூடு அது, மலையகத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய எங்கள் சபைக் குடும்பங்களின் சான்றிதழ்களில் அந்த இடத்தில் ஒரு கோடுதான் கிடக்கும். ஒரே காகிதம் ஒருவருக்கு மூன்று தலைமுறை தருகிறது, இன்னொருவருக்கு ஒரு கோடு தருகிறது. விவாகச் சான்றிதழில் இரண்டு தகப்பன்மாரின் பெயரும் தொழிலும் இருக்கும், சாட்சிகளாகக் கையெழுத்திட்டவர்கள் பெரும்பாலும் சபைச் சகோதரர்களாகவே இருப்பார்கள், அவர்களையும் அட்டையில் ஏற்றுங்கள்.

காணிப் பதிவகத்தில் இரண்டு தேடல். ஒன்று குடும்பத்தின் உறுதிகள், முக்கியமாகச் சீதன உறுதியும் நன்கொடை உறுதியும், யார் யாருடைய மகள் என்று நொத்தாரிசு தெளிவாக எழுதியிருப்பார். மற்றது சபை கூடும் மண்டபத்துக் காணியின் உறுதி. காணி சில சகோதரர்களின் பெயரில் பொறுப்பாக எழுதப்பட்டிருந்தால், ஆரம்ப காலக் குடும்பத் தலைவர்களின் பெயர்கள் ஒரே பந்தியில் வரிசையாக நிற்கும்.

பாடசாலைச் சேர்விடாப்பும் விடுகைப் பத்திரமும் பிறந்த திகதிக்கும் தகப்பன் பெயருக்கும் நல்லவை. பழைய பத்திரிகைகளில் மரண அறிவித்தல் தேட வேண்டுமானால் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். வீரகேசரி 1930இலிருந்து வருகிறது. திகதி தெரியாமல் போனால் ஒரு நாள் முழுக்கத் தூசிதான் மிஞ்சும். வெளிநாட்டு ஊழியக்காரர் யாராவது உங்கள் சபையில் தங்கியிருந்தால், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜோன் ரைலண்ட்ஸ் நூலகத்தில் சகோதரர் சபைகளுக்கென்றே ஒரு சுவடிக்கூடம் இருக்கிறது, மின்னஞ்சலில் கேட்கலாம்.

சேமக்காலைக்குக் காலையில் போங்கள், சாய்ந்த வெளிச்சத்தில்தான் தேய்ந்த எழுத்துத் தெரியும். எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய சேமக்காலையில் ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஆஸ்டின் கிடக்கிறார், 1852இல் இறந்தவர், அவரைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது. நாலு யார் தள்ளிக் கிடக்கும் எங்கள் ஆட்களின் கல்லைத்தான் யாரும் படிப்பதில்லை.

ஏழாவது: எழுதக்கூடாதவை

இதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கும், என்னுடையதைச் சொல்கிறேன். ஐக்கியத்திலிருந்து நீக்கப்பட்டவர்களின் காரணத்தை எழுத மாட்டேன், நீக்கப்பட்ட திகதியையும் எழுத மாட்டேன். பழைய காகிதங்களில் சாதி இருந்தால் வாசித்துவிட்டு விட்டுவிடுவேன். மண்டபத்தில் ஒரே அப்பத்தைப் பிட்கிறவர்களை அச்சில் பிரித்துவைக்க எனக்கு மனமில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்கு இறந்த திகதி போட மாட்டேன், தாய் உயிரோடு இருக்கும்வரை அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். சிலர் 2016க்குப் பிறகு வந்த காணாமற்போனமைக்கான சான்றிதழை எடுத்திருக்கிறார்கள், சிலர் அதையும் எடுக்க மறுக்கிறார்கள், இரண்டும் அவர்கள் முடிவு. உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், விலாசம் எதையும் அச்சில் போடாதீர்கள்.

எழுதி முடித்ததை அந்தந்தக் குடும்பத்துக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு வீட்டில் "இரண்டாம் தாரம்" என்ற ஒரே சொல்லுக்காக ஆறு மாதம் என்னோடு கதைக்கவில்லை. சொல் உண்மைதான். மகனுக்கு அது அதுவரை தெரியாது.

எட்டாவது: சேர்த்து அச்சடிப்பது

கணினியில் ஏற்ற கிராம்ப்ஸ் என்ற மென்பொருள் இலவசம், தமிழில் எழுதினால் ஏற்றுக்கொள்ளும். சபையில் முன்பு யாராவது தட்டச்சிட்ட கோப்பு கிடைத்தால் அது பாமினி எழுத்துருவில் இருக்கும், இப்போதைய கணினியில் திறந்தால் ஏதோ ஆங்கில எழுத்துக் குப்பைபோலத் தெரியும். அழிக்காதீர்கள், யுனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு, மாற்றியபின் எழுத்துப்பிழை மட்டும் பாருங்கள். படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்ரூடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் அங்கேதான் இருக்கும். எல்லாவற்றையும் மூன்று இடத்தில் வையுங்கள், ஒன்று இந்த ஊருக்கு வெளியே. தண்ணீரும் நெருப்பும் பார்த்த ஊர் இது.

முதல் அச்சைப் பெரிதாகச் செய்யாதீர்கள். போட்டோக்கொப்பிக் கடையில் ஸ்பைரல் போட்டு, குடும்பத்துக்கு ஒன்றாக, பெரிய எழுத்தில், வலப்பக்கத் தாள்களை வெற்றாக விட்டு எடுங்கள். முதல் பிரதி நீங்கள் முதலில் போய்க் கதை கேட்ட அந்த அம்மாவுக்கு, கூடவே ஒரு பென்சில். அடுத்த ஞாயிறு கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, "பன்னிரண்டாம் பக்கத்தில் என் கொழுந்தியின் பெயர் பிழை" என்று அவர் உங்களைப் பிடித்து நிறுத்துவார். கொப்பியை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.